செம்மண்ணிலிருந்து சோற்றுப் பானை வரை



நம் இல்லங்களில் நாள்தோறும் சோறு பொங்கும் பானையைச் சற்று உற்று நோக்குங்கள். வெண்மையான, எடை குறைந்த, துருப்பிடிக்காத அந்தப் பாத்திரத்தை நம் பாட்டிமார் பலர் 'ஈயப் பானை' என்றே வழங்குவர். உண்மையில் அது ஈயம் அன்று. அலுமினியம் என்னும் உலோகமாகும். ஈயத்தை நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். அலுமினியமோ 1825-ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகத் தனி உலோகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது.

இதில் ஒரு வியப்பு உண்டு. புவியின் மேலோட்டில் உள்ள உலோகங்கள் அனைத்திலும் மிகுதியானது அலுமினியமே. மேலோட்டின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு அலுமினியமாகும். நாம் நடக்கும் செம்மண் பாதையிலும் அது இருக்கிறது. காலுக்கடியில் இவ்வளவு மிகுதியாகக் கிடந்த ஓர் உலோகம் இத்தனை காலம் மனிதன் கைக்கு எட்டாமல் இருந்தது ஏன்? அதை வெளிக்கொணர்ந்தது எது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கனிமமும் உலோகமும்

ரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றிய பெரியோர்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். மரத்திலிருந்து வடிவது ரப்பர் அன்று, பால். அப்பாலுக்குள் ரப்பர் மறைந்திருக்கிறது. தட்டில் ஊற்றி, அளவாக அமிலம் சேர்த்து உறைய வைத்த பின்னரே ரப்பர் தனியே திரண்டு நீர் பிரிகிறது. உலோகங்களும் இவ்வாறே மறைந்திருக்கின்றன. தங்கம் போன்ற சில உலோகங்கள் மட்டுமே தூய நிலையில் கிடைக்கும். மற்றவை பெரும்பாலும் ஆக்சிஜன் என்னும் பிராணவாயுவுடனோ, கந்தகத்துடனோ சேர்ந்து, கல்லாகவும் மண்ணாகவும் கிடக்கின்றன. அவற்றையே கனிமங்கள் என்கிறோம். கனிமத்திலிருந்து உலோகத்தைப் பிரிப்பதற்கு அந்தச் சேர்க்கையை உடைத்தாக வேண்டும்.

மலேசிய நாட்டின் புகழ்பெற்ற வெள்ளீயத்தை எடுத்துக்கொள்வோம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோண்டப்பட்ட ஈயத்தாதில் வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்துள்ளன. அத்தாதுடன் கரியைக் கலந்து உலையிலிட்டுச் சூடேற்றினால், கரி ஆக்சிஜனைக் கவர்ந்துகொண்டு வாயுவாகப் போய்விடும். வெள்ளீயம் உருகி வழியும். 1890-ஆம் ஆண்டில், நம் ஜொகூருக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரின் புலாவ் பிரானி தீவில் அமைக்கப்பட்ட பெரிய ஈய உருக்காலை இந்த முறையிலேதான் இயங்கியது. இரும்பும் கரியின் துணையால்தான் பிரிக்கப்படுகிறது.

ஆனால் அலுமினியம் கரிக்குப் பணியவில்லை. ஆக்சிஜன்மீது கரிக்குள்ள பற்றைவிட அலுமினியத்துக்குள்ள பற்று மிக வலிது. இரும்பையும் ஈயத்தையும் விடுவித்த உலை, அலுமினியத்தை விடுவிக்க இயலாமல் தோற்றது. நெருப்பால் ஆகாத அச்செயலை மின்சாரம் செய்து முடித்தது. அம்முறைக்கு மின்னாற்பகுப்பு என்று பெயர்.

ஒரு சிறு சோதனை

மின்னாற்பகுப்பு என்பது யாது? ஆசிரியரின் முன்னிலையில் வகுப்பறையிலேயே இதனைக் கண்கூடாகக் காணலாம்.

ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி, அதில் மயில்துத்தத்தைக் கரையுங்கள். அழகிய நீல நிறக் கரைசல் கிடைக்கும். மயில்துத்தம் என்பது செம்பு அடங்கிய ஓர் உப்பு. இருமுனையும் சீவிய இரண்டு பென்சில்களை அக்கரைசலில், ஒன்றையொன்று தொடாதவாறு நிறுத்துங்கள். ஒன்றரை வோல்ட்டு மின்கலங்கள் இரண்டை வரிசையாக இணைத்து, அவற்றின் நேர்முனையை ஒரு பென்சிலின் கரியோடும், எதிர்முனையை மற்றப் பென்சிலின் கரியோடும் கம்பியால் இணையுங்கள்.

சில நிமிடங்களில் எதிர்முனையோடு இணைந்த பென்சிலின் கரிமுனை செந்நிறம் பெறக் காணலாம். அதன்மீது படிந்திருப்பது செம்பு. நேர்முனையோடு இணைந்த பென்சிலிலிருந்து சிறு குமிழ்கள் எழும். அவை ஆக்சிஜன். நீலக் கரைசலுக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்த உலோகம், மின்சாரம் பாய்ந்ததும் வெளியே வந்து படிந்துவிட்டது.

இதன் காரணம் எளிது. மயில்துத்தம் நீரில் கரையும்போது, அதிலுள்ள செம்பு நேர்மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களாகப் பிரிகிறது. அத்தகைய மின்னூட்டம் பெற்ற துகள்களை அயனிகள் என்பர். நேர்மின்னூட்டம் உடையவை எதிர்மின்வாயை நாடிச் செல்லும். அங்கே மின்னூட்டம் நீங்கி உலோகமாகும். இச்செயலின் விதிகளை அளந்து வகுத்தவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலேயர். கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகி, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றவர் அவர். 1830-களில் அவர் கண்ட விதிகளே இன்றும் உலோக ஆலைகளில் கணக்கிடப் பயன்படுகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை. மயில்துத்தம் நச்சுத்தன்மை உடையது. அதைச் சுவைத்தலோ, கையால் அளைதலோ, மீன் வாழும் நீரில் ஊற்றுதலோ கூடாது. வீட்டு மின்சாரத்தை இச்சோதனைக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

விறகுக் கொட்டகையில் பிறந்த உலோகம்

இவ்வாறாயின், அலுமினிய உப்பை நீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் போதாதா என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா! ஆனால் அது பலிக்காது. அலுமினியத்தைக் காட்டிலும் நீர் எளிதில் பகுபடுவதால், உலோகத்திற்குப் பதிலாக ஹைட்ரஜன் வாயுதான் வெளிவரும். ஆகவே நீரின்றிச் செய்ய வேண்டும். உப்பையோ தாதையோ நெருப்பில் உருக்கி, அந்த உருகிய நிலையிலேயே மின்சாரம் செலுத்த வேண்டும். இந்த வழியில் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் 1807-ஆம் ஆண்டிலேயே பொட்டாசியம், சோடியம் ஆகிய உலோகங்களைப் பிரித்துக் காட்டினார். அலுமினியம் அவருக்கும் அகப்படவில்லை.

காரணம், அலுமினாவின் உருகுநிலை. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த வெண்பொடியே அலுமினா. அது உருகுவதற்கு ஏறத்தாழ 2,050 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் இரும்பும் உருகி ஓடிவிடும். எந்தக் கலத்தில் வைத்து உருக்குவது? இதனால் அலுமினியம் அரும்பொருளாகவே இருந்தது. 1884-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில், மிக உயர்ந்த அணிகலனைப் பதிப்பதுபோல், ஏறத்தாழ 2.8 கிலோ எடையுள்ள அலுமினியக் கூர்முனையைப் பொருத்தினர். அக்காலத்தில் அதன் விலை வெள்ளியின் விலையை ஒட்டியிருந்தது.

அமெரிக்காவின் ஓபர்லின் நகரில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹால் என்னும் மாணவர் இருந்தார். மலிவாக அலுமினியம் எடுக்க வழி காண்பவன் பெரும் பயன் அடைவான் என்று அவருடைய வேதியியல் பேராசிரியர் வகுப்பில் கூறியது அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பட்டம் பெற்ற பின், தம் வீட்டு விறகுக் கொட்டகையையே சோதனைச் சாலை ஆக்கிக்கொண்டார். மின்கலங்களைத் தாமே செய்தார். வேதியியல் கற்ற அவருடைய தமக்கை ஜூலியா உடனிருந்து உதவினார். அலுமினாவைத் தனியே உருக்காமல், கிரையோலைட் என்னும் கனிமத்தை உருக்கி, அதில் அலுமினாவைக் கரைத்தால் ஏறத்தாழ 950 பாகை வெப்பமே போதும் என்று ஹால் கண்டார். 1886 பிப்ரவரி 23-ஆம் நாள் சிறுசிறு உலோக மணிகள் அவர் கையில் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது 22.

அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் போல் எரூ என்னும் இளைஞர், ஹாலை அறியாமலே இதே வழியைக் கண்டார். இருவரும் பிறந்தது 1863-ஆம் ஆண்டில். இருவரும் மறைந்ததும் 1914-ஆம் ஆண்டில். அரும்பொருளாக இருந்த அலுமினியம் அவர்களால் ஏழை வீட்டு அடுப்பிற்கும் வந்து சேர்ந்தது.

ஜொகூரின் செம்மண்

இப்போது நம் ஊருக்கு வருவோம். அலுமினியத்தின் முதன்மையான தாது பாக்சைட் எனப்படும். வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில், நெடுங்காலம் பெய்யும் மழை பாறையிலுள்ள மற்றப் பொருள்களைக் கரைத்துக்கொண்டு போய்விட, அலுமினியமும் இரும்பும் மட்டும் எஞ்சி நிற்கும். அந்த இரும்பே மண்ணுக்குச் செந்நிறம் தருகிறது.

நம் ஜொகூரில் இத்தாது நிறைந்திருந்தது. 1930-களில் பத்து பகாட் வட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனம் பாக்சைட்டைத் தோண்டியது. உலகப் போருக்குப் பின் 1950-களிலிருந்து, தென்கிழக்குக் கோடியில் பெங்கேராங்கை அடுத்த தெலுக் ரமுனியாவில் பெருமளவில் தோண்டப்பட்டது. மண்ணை வாரி, களிமண் போகக் கழுவி, கப்பலில் ஏற்றி வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். 1970-களின் தொடக்கத்தில் மேற்கு மலேசியாவின் பாக்சைட் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன்.

ஆனால் அந்நாளில் நம் நாட்டில் அலுமினியம் எடுக்கும் ஆலை ஒன்றுகூட இல்லை. மண் நம்முடையது, அதை உலோகமாக்கும் ஆலையும் மின்சாரமும் அயல்நாட்டாருடையவை. மண் விலைக்கு மண்ணை விற்று, உலோக விலைக்கு உலோகத்தை வாங்கினோம்.

ஆலையில் நடப்பது

பாக்சைட்டை உலோகமாக்குவதில் இரண்டு படிகள் உண்டு. முதற்படியில் தாதைப் பொடியாக்கி, எரிசோடாக் கரைசலில் அழுத்தத்தோடு சூடேற்றுவர். அலுமினா கரைந்துவிடும், இரும்பு முதலியன செஞ்சேறாக ஒதுங்கும். கரைசலிலிருந்து வெண்ணிற அலுமினாவைப் பிரித்துச் சுடுவர். 1888-ஆம் ஆண்டில் பேயர் என்னும் ஆஸ்திரிய நாட்டு வேதியியலார் கண்ட முறை இது.

இரண்டாம் படியே மின்னாற்பகுப்பு. உட்புறம் கரி பூசிய பெரிய எஃகுத் தொட்டிகளை வரிசை வரிசையாக அமைத்திருப்பர். ஆங்கிலத்தில் அத்தொட்டிக்குப் பானை என்றே பெயர். தொட்டியின் அடிக்கரியே எதிர்மின்வாய். மேலிருந்து தொங்கும் கரிக்கட்டிகள் நேர்மின்வாய். இடையில் உருகிய கிரையோலைட்டில் அலுமினா கரைந்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் உருகிய அலுமினியம் அடியில் தேங்கும். ஆக்சிஜன் மேலுள்ள கரியோடு சேர்ந்து கரியமில வாயுவாக வெளியேறும். அதனால் கரிக்கட்டிகள் தேய்ந்துகொண்டே வரும். அவ்வப்போது புதியன மாட்ட வேண்டும்.

நம் குவளைச் சோதனையில் பயன்பட்டது மூன்று வோல்ட்டு. ஆலைத் தொட்டி ஒன்றுக்கும் நான்கு, நான்கரை வோல்ட்டுதான் வேண்டும். ஆனால் அங்கே பாயும் மின்னோட்டமோ ஒரு லட்சம் ஆம்பியருக்கு மேற்பட்டது. தத்துவம் ஒன்றே, அளவுதான் வேறு.

ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினாவும், அதிலிருந்து ஒரு டன் அலுமினியமும் கிடைக்கும். அந்த ஒரு டன்னுக்குச் செலவாகும் மின்சாரம் சுமார் 14,000 யூனிட்டு. மாதம் 300 யூனிட்டு செலவிடும் குடும்பம் ஒன்று ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பயன்படுத்தக்கூடிய மின்சாரம் இது!

மின்சாரம் உள்ள இடத்தில் உலோகம்

ஆகவேதான் அலுமினிய ஆலைகள் தாதைத் தேடிச் செல்வதைவிட மலிவான மின்சாரத்தைத் தேடியே பெரிதும் செல்கின்றன. தமிழ்நாட்டில் இரண்டும் ஒருங்கே அமைந்த இடம் ஒன்று இருந்தது. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் கிடைத்தது. காவிரியின் குறுக்கே 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை மின்சாரம் தந்தது. எனவே மேட்டூரில் மதராஸ் அலுமினியக் கம்பெனி தோன்றி, 1965-இல் உலோகம் எடுக்கத் தொடங்கியது. அங்கு மின்னாற்பகுப்புக் கூடம் 2008-இல் மூடப்பட்டது.

இத்துறையில் ஆராய்ச்சி செய்வதற்காகவே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோகத்தைப் பிரிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்க ஒரு வணிகர் தம் செல்வத்தை ஈந்தது நினைக்கத் தக்கது.

மலேசியாவில் முதல் அலுமினிய உருக்காலை 2009-ஆம் ஆண்டில் சரவாக்கின் முக்கா நகரில் தொடங்கியது. பின்னர் 2012-இல் பிந்துலுவை அடுத்த சமலாஜுவிலும் தொடங்கியது. சரவாக்கின் ஆறுகளிலிருந்து எடுக்கப்படும் நீர்மின்சாரமே அதற்கு அடிப்படை. அங்கு 2,400 மெகாவாட் திறனுடைய பாக்குன் அணை 2011 முதல் மின்சாரம் தருகிறது. அலுமினாவோ வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்து சேர்கிறது. ஒரு காலத்தில் தாது இங்கிருந்து அங்கே போயிற்று. இன்று அலுமினா அங்கிருந்து இங்கே வருகிறது.

உலோகத்தின் உண்மை விலை

கடையில் நாம் கொடுக்கும் வெள்ளி மட்டும் ஒரு பானையின் விலை ஆகாது. பாக்குன் அணைக்காகச் சுமார் பத்தாயிரம் மக்கள் தம் நீண்ட வீடுகளையும் முன்னோர் அடக்கமான மண்ணையும் விட்டு, சுங்கை ஆசாப் என்னும் இடத்திற்குக் குடிபெயர நேர்ந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு, பிறந்த லயத்தை விட்டு வெளியேறிய நம் பெரியோர்க்கு அத்துயரத்தை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

பகாங் மாநிலத்தின் குவாந்தானில் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் பாக்சைட் கட்டுக்கடங்காமல் தோண்டப்பட்டது. லாரிகள் சிந்திய செந்தூசு வீடுகளையும் சாலைகளையும் மூடிற்று. மழையில் ஆறும் கடலோரமும் செந்நிறமாயின. அதனால் 2016 ஜனவரி 15 முதல் அரசாங்கம் தோண்டுதலைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஹங்கேரி நாட்டின் அய்க்கா நகரில், அலுமினா ஆலையின் செஞ்சேற்றுக் குளம் 2010 அக்டோபர் 4-இல் உடைந்து பத்து உயிர்களைக் கொண்டது. உலோகம் வேண்டாம் என்று நாம் சொல்ல இயலாது. ஆயினும் இவற்றை அறிந்தே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இங்கு ஒரு நற்செய்தி உண்டு. அலுமினியத்தை எத்தனை முறை உருக்கினாலும் அது அலுமினியமே. ஆக்சிஜனின் பிடியிலிருந்து ஒருமுறை விடுவித்த உலோகத்தை மீண்டும் விடுவிக்க வேண்டியதில்லை, உருக்கினால் போதும். அதற்கு 660 பாகை வெப்பமே தேவை. தாதிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கு இதற்குப் போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். குளிர்பானம் அருந்திவிட்டு நாம் எறியும் அலுமினியக் குவளையின் எடை சுமார் 14 கிராம். அதைக் குப்பையில் எறியாமல் சேர்த்துக் கொடுத்தால் மிச்சமாகும் மின்சாரம், பத்து வாட் விளக்கு ஒன்றை ஏறத்தாழ 18 மணி நேரம் எரிக்கும். ஓட்டை விழுந்த பானையையும் பழைய பால் வாளியையும் பழைய சாமான் வாங்குபவரிடம் சேர்த்து வைத்துக் கொடுக்கும் நம் தாய்மார்கள், அறிந்தோ அறியாமலோ, ஆற்றின் நீரையும் மலையின் மண்ணையும் காத்தவர்களே ஆவர்.

மாணவச் செல்வங்களே! செம்மண் நெடுங்காலம் நம் காலடியில் கிடந்தது. அதற்குள் இருந்த உலோகத்தைக் கண்டவர் கற்றவர். புத்தகம் கட்டிய பாரடேயும், விறகுக் கொட்டகையில் உழைத்த ஹாலும், அவருக்குத் துணை நின்ற ஜூலியாவும் மாளிகைச் சோதனைச் சாலைகளில் தொடங்கியவர்கள் அல்லர். மண்ணை வாரிக் கப்பலில் ஏற்றும் வேலையும், அதை உலோகமாக்கும் வேலையும் ஒன்றல்ல. ஒன்றுக்கு உடல் வலிமை போதும், மற்றதற்குக் கல்வியும் வேண்டும். நம் பெற்றோர் முதல் வேலையை நெடுங்காலம் செய்துவிட்டார்கள். இரண்டாவது வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. அறிவியல் பாடத்தை ஊன்றிப் படியுங்கள். இன்று இரவு சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போது, அது எந்த மலையின் மண்ணாக இருந்தது, எந்த ஆற்றின் மின்சாரம் அதைப் பிரித்தது என்று உங்கள் தாயாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.